லேசர் வருடும் வேகத்தைக் கூட்டினால் தூரத்துச் சென்சாரின் அளவு மட்டும் நகர்வது ஏன்?

சென்சாரைக் கழற்றிவிடாதீர்கள், அதில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. லேசர் தன் அலைநீளத்தை நொடிக்கு 10 முறை வருடும்போது (ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மாற்றும்போது) ஒளியிழையில் உள்ள இரண்டு பிராக் கிரேட்டிங்கும் (ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் எதிரொளிக்கும் சென்சார்கள்) ஒழுங்காகப் படிக்கின்றன, 1,000 முறைக்கு ஏற்றியதும் 1 கிலோமீட்டர் தள்ளி இருப்பது மட்டும் 0.8 நானோமீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்கிறீர்கள். காரணம், ஒளி போய்த் திரும்பும் நேரம்.

இழையில் 1 கிலோமீட்டர் போய் வர ஒளிக்குச் சுமார் 9.8 மைக்ரோநொடி ஆகும். 80 நானோமீட்டரை 1 மில்லிநொடியில் வருடும் உங்கள் லேசர், எதிரொளி வந்து சேர்வதற்குள் 784 பிக்கோமீட்டர், அதாவது சுமார் 0.8 நானோமீட்டர் முன்னே போய்விடும். கருவி அந்த அலைநீளத்தைத்தான் எதிரொளியின் உச்சமாகக் குறிக்கும். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் உச்சம் 10 பிக்கோமீட்டர் நகரும் என்று வைத்தால் 78 டிகிரி பிழை! நொடிக்கு 10 முறை ஓட்டும்போது இது 8 பிக்கோமீட்டர்கூட இல்லை, அதனால்தான் கண்ணில் படவில்லை.

தாமதம் தெரிந்துவிட்டதால் அதைக் கழித்துவிடலாம். ஆனால் வருடல் சைன் அலையாக இருந்தால் அலைநீளத்துக்கு அலைநீளம் வேகம் மாறும், எல்லாவற்றுக்கும் ஒரே எண் சரிவராது. ஏறும்போதும் இறங்கும்போதும் படித்துச் சராசரி எடுப்பதே என் தேர்வு. பிழை எதிரெதிராக விழுந்து அடிபட்டுப்போகும். கருவிக்குள் இருக்கும் வாயுச் செல்லை (அலைநீளத்தைச் சரிபார்க்க உதவும், வாயு அடைத்த குப்பியை) நம்பி இதைத் திருத்த முடியாது, அதன் ஒளி அந்தத் தூரம் போவதே இல்லை.

அப்புறம், 0.2 நானோமீட்டர் அகல உச்சம் இந்த வேகத்தில் 2.5 மைக்ரோநொடியில் கடந்துவிடும். கருவி நொடிக்கு 10 லட்சம் மாதிரிகள் (அளவீடுகள்) எடுத்தால் அதில் இரண்டு மூன்று புள்ளிதான் விழும். மாதிரி எடுக்கும் வேகத்தையும் பாருங்கள்.