மாவட்டத்துக்குள் ஓர் ஆய்வகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மருத்துவ, உயிரியல் ஆராய்ச்சிக்கு மத்திய அரசு தரும் நிதியைப் பற்றிக் கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். உச்சவரம்பும் கடைசித் தேதியும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். விண்ணப்பிக்கும் முன் அப்போதைய அறிவிப்பை முழுவதும் படித்துவிடுங்கள்.

எங்க காலேஜ் சுயநிதிங்க. அரசுப் பணமெல்லாம் ஐ.ஐ.டி.க்கும் பெரிய யுனிவர்சிட்டிக்கும்தான் போகும்னு நிர்வாகத்துல சொல்றாங்க. எங்களுக்கு வழியே இல்லீங்களா?
– நுண்ணுயிரியல் ஆசிரியை, நாமக்கல்

வழி இருக்கிறது. எது உங்களுக்கு உரியது, எது இல்லை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சுகாதார ஆராய்ச்சித் துறையின் பல்துறை ஆராய்ச்சி அலகு (எம்.ஆர்.யு.) அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கானது; அதன் பின்னால் அலைய வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வெளி நிறுவனங்களுக்குத் தரும் ஆய்வு நிதிக்குத் தனியார் கல்லூரியும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை (டி.எஸ்.ஐ.ஆர்.) ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தரும் ‘சிரோ’ அங்கீகாரம் போன்ற ஆவணத்தைக் கேட்பார்கள். அந்த அங்கீகாரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வந்தபிறகு அதற்கு ஓடினால் கடைசித் தேதி கடந்துவிடும். அறக்கட்டளையின் தணிக்கை செய்த கணக்குகள், ஆராய்ச்சிச் செலவுக்கென்று தனியாக எழுதிய கணக்கு, அரசு நிதி வந்துசேரும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கான தர்ப்பண் தளத்தின் பதிவு எண் எல்லாவற்றையும் இப்போதே ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

உங்களைப் போன்ற ஆசிரியருக்கு நாங்கள் முதலில் சொல்வது ‘டேர்’ திட்டம். மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரி, தனியார் கல்வி நிறுவனம் ஆகியவற்றின் நிரந்தர ஆசிரியர் ஒருவர் ஐ.ஐ.டி. போன்ற ஒரு பெரிய ஆய்வகத்தோடு மூன்று ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்வதற்கான திட்டம் இது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஆய்வு நிதி. அதில் பாதி உங்கள் கல்லூரிக்கு, பாதி அங்கே. வேலையை விட வேண்டியதில்லை, ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் அங்கே வேலை செய்ய வேண்டும். தொகை சிறிதுதான். ஆனால் அடுத்து பெரிய நிதி கேட்கும்போது மதிப்பீட்டாளர் தேடும் கூட்டுக் கட்டுரையும், கருவி கையாண்ட அனுபவமும், பரிந்துரைக்க ஒரு மூத்த விஞ்ஞானியும் இதில்தான் கிடைப்பார்கள். மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கென 2022இல் வந்த ‘ஷூர்’ திட்டத்தின் உச்சவரம்பு மூன்று ஆண்டுக்கு 30 லட்சம். இவற்றை நடத்திய மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்.இ.ஆர்.பி.) இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் (ஏ.என்.ஆர்.எஃப்.) சேர்ந்துவிட்டது. அதனால் பழைய இணையப் பக்கத்தை நம்பாமல் புதிய தளத்தில் என்ன திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

அமெரிக்காவில் ஆராய்ச்சியில் பின்தங்கிய மாநிலங்களுக்கென்றே தனி நிதி உண்டு என்று படித்தேன். நம் நாட்டில் அப்படி உண்டா?
– முதுகலை மாணவர், கோவை

நீங்கள் படித்தது ‘ஐடியா’ திட்டம். 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்படுத்தியது, தேசிய சுகாதார நிறுவனங்கள் நடத்துவது. காலங்காலமாகக் குறைவான நிதியே பெற்றுவந்த 23 மாநிலங்களும் போர்ட்டோ ரிக்கோவும் இதில் வருகின்றன. இதில் இரண்டு கிளைகள் முக்கியம். ‘இன்ப்ரே’யில் ஒரு முதன்மைப் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தின் சிறு கல்லூரிகளை ஒரு வலைப்பின்னலாகச் சேர்த்துக்கொள்கிறது. ‘கோப்ரே’யில் ஒரு மூத்த விஞ்ஞானி தலைமையில் சில இளம் ஆய்வாளர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆய்வு. ஓர் இளம் ஆய்வாளர் தன் பெயரில் தனி நிதி வென்றுவிட்டால் அவர் வெளியே போக, அந்த இடத்துக்கு அடுத்தவர் வருவார். ஐந்தைந்து ஆண்டுகளாக மூன்று கட்டம். நிதியின் பெரும்பகுதி ஆளை வளர்ப்பதற்கே போகும்படி அமைத்திருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இங்கே மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை தன் நிதியில் பத்து விழுக்காட்டை வடகிழக்கு மாநிலங்களுக்கு ஒதுக்குகிறது. ஏ.என்.ஆர்.எஃபின் ‘பேர்’ திட்டத்தில் ஒரு முன்னணி நிறுவனம் மையமாகவும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் கிளைகளாகவும் சேர்கின்றன. சுகாதார ஆராய்ச்சித் துறையின் மாதிரி ஊரக சுகாதார ஆராய்ச்சி அலகு தமிழ்நாட்டில் திருநெல்வேலியில் இருக்கிறது. ஆனால் முன்னேறிய மாநிலம் ஒன்றுக்குள் ஆராய்ச்சி எட்டாத மாவட்டங்கள் இருந்தால், அவற்றுக்கென்று தனி ஒதுக்கீடு எதுவும் இல்லை. கொங்கு நாடு என்றதும் மில்லும் பனியனும் கோழிப்பண்ணையும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளும்தான் டெல்லியில் இருப்பவர் நினைவுக்கு வரும். பணக்கார ஊர், இவர்களுக்கு எதற்கு என்றுதான் தோன்றும். ஆகவே விண்ணப்பத்தில் ஒரு பத்தி கட்டாயம் எழுதுங்கள்: இந்த மாவட்டத்தில் இந்தப் பரிசோதனைக்கு மாதிரி இப்போது எந்த ஊருக்குப் போகிறது, முடிவு வர எத்தனை நாள், அதற்குள் நோயாளிக்கு என்ன ஆகிறது. உங்கள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்தே இதை எடுக்கலாம்.

நாமக்கல் பகுதிக் கோழிப்பண்ணைத் தொழிலாளர்களிடம் மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை எவ்வளவு இருக்கிறது என்று ஆராய விண்ணப்பித்தோம். ‘மாதிரி எண்ணிக்கைக்கு நியாயம் சொல்லப்படவில்லை, ஆய்வக முறை ஏற்கத்தக்கதல்ல’ என்று திருப்பிவிட்டார்கள். நூறு பேர் போதாதா?
– சமூக மருத்துவத் துறை உதவிப் பேராசிரியர், சேலம்

நல்ல கேள்வியைக் கையில் வைத்திருக்கிறீர்கள், விட்டுவிடாதீர்கள். மற்ற மருந்துகள் பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் கிருமிக்கொல்லி கொலிஸ்டின். உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. தடைக்குப் பின் பண்ணையாட்களிடம் நிலைமை என்ன என்பதை இந்த மண்ணிலிருந்துதான் கேட்க முடியும். அடுத்த முறை முதல் பத்தியிலேயே இதைச் சொல்லுங்கள்.

இனி எண்ணிக்கை. நூறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. மதிப்பீட்டாளர் கேட்டது அதைத்தான். முன்னோடி ஆய்வில் நூற்றுக்கு 20 பேரிடம் அந்தக் கிருமி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 5 விழுக்காடு கூடக்குறைய, 95 விழுக்காடு நம்பகத்தோடு அளக்க வேண்டும். 95 விழுக்காடு நம்பகத்துக்குரிய எண் 1.96, அதன் வர்க்கம் 3.84; அதை 0.20ஆலும் 0.80ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கமான 0.0025ஆல் வகுத்தால் 246 வரும். இதோடு நிறுத்துகிறவர்கள் அதிகம். ஒரே பண்ணையில் வேலை செய்கிறவர்கள் ஒரே தண்ணீரையும் ஒரே கொட்டகையையும் பகிர்கிறார்கள். ஒருவரிடம் இருப்பது பக்கத்து ஆளிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே 246 பேர் 246 தனித்தனி ஆட்களுக்குச் சமமாக மாட்டார்கள். இந்தக் குழுத்தன்மைக்காக 1.5ஆல் பெருக்கினால் 369. பத்தில் ஒருவர் மாதிரி தர மறுப்பார் என்று 0.9ஆல் வகுத்தால் 410. ஒரு பண்ணைக்கு ஐந்து பேர் வீதம் 82 பண்ணைகள். பண்ணைப் பட்டியல் யாரிடமிருந்து வாங்குவீர்கள், அதிலிருந்து எப்படிக் குலுக்கல் முறையில் எடுப்பீர்கள், உரிமையாளர் உள்ளே விடாவிட்டால் மாற்றுப் பண்ணை எது என்பதையும் எழுதுங்கள். உரிமையாளர் சம்மதம் வேறு, தொழிலாளி சம்மதம் வேறு. வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் தமிழ்ச் சம்மதப் படிவம் மட்டும் போதாது. இந்தி, ஒடியா, வங்காளப் படிவங்களும் வேண்டும்.

ஆய்வக முறையில் திருப்பியதற்குக் காரணம் அனேகமாகக் கொலிஸ்டினை வட்டு முறையில் (கிருமி வளரும் அகார் தட்டில் மருந்து தோய்ந்த வட்டை வைத்து, கிருமி வளராத வட்டத்தை அளக்கும் முறை) சோதிப்பதாக எழுதியதுதான். அந்த மருந்தின் மூலக்கூறு பெரியது, அகாருக்குள் சரியாகப் பரவாது. அதனால் வட்டத்தின் விட்டம் உண்மையைக் காட்டாது. குழம்பு நுண்நீர்ப்பு முறையில்தான் (திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்து, எந்த அளவில் கிருமி வளரவில்லை என்று பார்க்கும் முறை) செய்ய வேண்டும். 96 குழித் தட்டுகள், தூய கொலிஸ்டின் சல்பேட் பொடி, தரம் பார்க்க ஒப்பீட்டுக் கிருமிகள், மூன்றுக்கும் நுகர்பொருள் தலைப்பில் (பட்ஜெட்டின் செலவுப் பிரிவில்) பணம் கேளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஓர் இணை ஆய்வாளரைச் சேர்த்துக்கொண்டால் விண்ணப்பம் வலுப்படும். மொத்தத் தொகை 2 கோடிக்குள் அடங்குமானால் ஐ.சி.எம்.ஆரின் சிறு நிதிப் பிரிவுக்கே போங்கள்.

மைனஸ் 80 ஃப்ரீசர் வந்து ஒரு வருஷம்கூட ஆகலீங்க. ரெண்டு தடவை நின்னு போய் சாம்பிள் எல்லாம் வீணாச்சு. கம்பெனிக்காரங்க கரண்ட் மேல பழி போடறாங்க. எதைப் பார்க்கணுமுங்க?
– ஆய்வக நுட்பநர், ஈரோடு

கரண்டும் ஒரு காரணம். அதற்கு முன் அறையைப் பாருங்கள். இந்தப் பெட்டியில் இரண்டு கம்ப்ரசர்கள். முதலாவது இரண்டாவதைக் குளிர்விக்கும். உள்ளிருந்து எடுத்த சூடு முழுவதையும் முதலாவது அறைக்குள் கொட்ட வேண்டும். அறையே சூடாக இருந்தால் கொட்ட இடமில்லை. அழுத்தம் ஏறிக் கம்ப்ரசர் நின்றுவிடும். பெரும்பாலான மாடல்கள் 30, 32 டிகிரிக்கு மேல் தாங்குவதில்லை. ஈரோட்டுச் சித்திரை வெயிலில் பூட்டிய அறை எவ்வளவு ஏறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஏ.சி. போட்டு டைமரில் மாற்றி மாற்றி ஓட விடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

அடுத்து முன்பக்கக் கீழ் மூடியைக் கழற்றி ஃபில்டரைப் பாருங்கள். தறியும் மில்லும் உள்ள ஊரில் பஞ்சுத் தூசி அதில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். கதவு ரப்பரில் பனி கட்டியிருந்தால் துடைத்தெடுங்கள். கதவு ஒட்டாமல் காற்று புகுந்துகொண்டே இருக்கும்.

இப்போது கரண்ட். சர்வோ ஸ்டெபிலைசர் இருந்தாலும், கரண்ட் போய் உடனே வரும்போது கம்ப்ரசர் அழுத்தத்தோடு கிளம்பத் திணறும். மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதித்துக் கொடுக்கும் அமைப்பு அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்திங் சரியில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, உங்கள் ப்ளக் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்து மெயினை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு, ஆனால் ஆய்வக ப்ளக் அதில் சேரவில்லை என்ற நிலை பல இடங்களில் உண்டு.

புதிதாக நிதி கேட்பவர்களுக்கு: ஃப்ரீசர் விலையோடு ஏ.சி., ஸ்டெபிலைசர், போனுக்குச் செய்தி அனுப்பும் அலாரம், வாரண்டி முடிந்தபின் ஐந்தாண்டு பராமரிப்பு ஒப்பந்தம், நான்கையும் சேர்த்தே கேளுங்கள். பிறகு கேட்டால் தலைப்பு இல்லை என்பார்கள். ஆர்டர் போடும் முன் கதவு அகலத்தையும் லிஃப்டையும் அளந்துவிடுங்கள்.

முதல் தவணை வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டாவது தவணையைக் காணோம். கேட்டால் யூ.சி. சரியில்லை என்கிறார்கள். செலவழித்ததற்கு எல்லா பில்லும் இருக்கிறது.
– உயிர்வேதியியல் இணைப் பேராசிரியர், பெருந்துறை

பில் இருப்பது மட்டும் போதாது, நான்கு இடத்தில் மாட்டும். ஒன்று, பயன்பாட்டுச் சான்றிதழ் (யூ.சி.) மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில், நிதியாண்டு வாரியாக இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒன்று, அடுத்த ஆண்டுக்கு இன்னொன்று. போன ஆண்டின் முடிவிருப்பு இந்த ஆண்டின் தொடக்க இருப்போடு பைசா வரை ஒத்துப்போக வேண்டும். இரண்டு, வங்கி வட்டி. அது அரசுப் பணம், மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளம் வழியாகத் திருப்பிச் செலுத்தி ரசீதை இணைக்க வேண்டும். திட்டத்துக்குத் தனிக் கணக்கு தொடங்காமல் கல்லூரிப் பொதுக்கணக்கில் போட்டிருந்தால் எது எந்த வட்டி என்று பிரிக்கவே முடியாது. மூன்று, ஆர்டர் போட்டுப் பணம் இன்னும் தராத கருவியைச் செலவாகக் காட்டியிருப்பார்கள். அதைப் பொறுப்பேற்ற தொகை என்று தனியாகக் காட்ட வேண்டும். நான்கு, தலைப்பு மீறல். கருவியில் மிஞ்சியதை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஊழியர் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது.

இந்த நாலாவது தவறு பெரும்பாலும் கொட்டேஷனில் தொடங்குகிறது. ஆராய்ச்சிக் கருவிக்கு இருந்த 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலை 18ஆம் தேதியோடு போய்விட்டது. வரியில்லாமல் 40 லட்சம் என்று எழுதி அனுமதி வாங்கினால், 18 விழுக்காடு வரும்போது 7.2 லட்சம் இடிக்கும். அதை எங்கிருந்தாவது எடுக்கப்போய்த்தான் தலைப்பு மாறுகிறது. அன்றைய வரியைச் சேர்த்தே எழுதுங்கள். அப்படியே திட்ட ஊழியரின் வீட்டு வாடகைப் படியையும் பாருங்கள். ஊரின் வகைக்கு ஏற்ப அதன் விகிதம் மாறும்: கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நகரங்கள் ‘ஒய்’ வகை, நாமக்கல், கரூர் ‘இசட்’ வகை. கோவை விகிதத்தை நாமக்கல்லுக்கு எழுதிவிட்டால் தணிக்கையில் பிடிப்பார்கள்.

எங்கள் கலைக் கல்லூரியில் நெறிமுறைக் குழு கிடையாது. இரத்த மாதிரி எடுக்கலாமா?
– விலங்கியல் விரிவுரையாளர், தாராபுரம்

கூடாது. மனிதரிடம் செய்யும் ஆய்வை முன்கூட்டியே பரிசீலித்து அனுமதி தருவது நெறிமுறைக் குழுதான். பக்கத்து மருத்துவக் கல்லூரியின் குழுவை எழுத்துப்பூர்வமாக நாடுங்கள். அது சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே அமைப்பதானால் 7 முதல் 15 பேர், தலைவர் வெளியாள், உறுப்பினர் செயலர் உள்ளாள். சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுமகன் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு ஏதாவது உண்டா?
– மாணவி, திருப்பூர்

உண்டு. ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால மாணவர் ஆய்வு 1979இலிருந்து நடக்கிறது. இரண்டு மாத வேலை, வழிகாட்டியாக உங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். உதவித்தொகை முன்பணமாக வராது. அறிக்கை ஏற்கப்பட்டால்தான் தொகையும் சான்றிதழும். இரண்டு மாதத்தில் முடிகிற அளவுக்குக் கேள்வியைச் சுருக்குங்கள்: உங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் பனியன் கம்பெனிப் பெண்களில் இரத்தச்சோகை எவ்வளவு என்பது முடியும், அதற்கு என்ன காரணம் என்பது முடியாது. நெறிமுறைக் குழு எப்போது கூடுகிறது என்று இன்றே அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.