களி ஊட்டியும் அப்பா இளைக்கிறாரே, ஏன்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அப்பாவுக்கு 63 வயது. இரைப்பைப் புற்றுநோய். 62 கிலோ இருந்தவர் நாலே மாதத்தில் 54 ஆகிவிட்டார். அம்மா களி உருட்டி உருட்டி ஊட்டுகிறார், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தினமும் சண்டை. என்ன கொடுத்தால் உடம்பு தேறும்?"

முதலில் அந்தச் சண்டையை நிறுத்துங்கள். அப்பாவுக்குப் பிடிவாதமும் இல்லை, அம்மாவின் கைப்பக்குவத்தில் குறையும் இல்லை. இந்த நோயில் உடம்புக்குள் ஓயாமல் அழற்சி (புண் வீங்கிச் சிவப்பது போன்ற எதிர்வினை) நடக்கிறது. அதில் சுரக்கும் பொருள்கள் பசியை அடக்கும், தசையையும் கரைக்கும். வெறும் பட்டினி என்றால் உடம்பு கொழுப்பை எரித்துத் தசையைக் காக்கப் பார்க்கும். இதில் இரண்டுமே போகும். வாட்ச் முழங்கை வரை ஏறுவதும், கையை ஊன்றாமல் எழ முடியாததும் அதனால்தான். ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே கவனிக்க வேண்டும்; அப்பாவுக்கு ஏறக்குறைய 13.

சோற்றைத் திணித்து இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் வாய்ப்புண், வலி, குமட்டல், மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. சாப்பிட்டதெல்லாம் வாந்தியானால் இரைப்பையில் அடைப்பு இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் களி. நம் ஊர்க் களி வயிற்றை நிரப்பிவிடும், புரதம் குறைவு: 100 கிராம் கேழ்வரகு மாவில் 7 கிராம்தான். அவருக்கு நாளுக்கு 55 முதல் 80 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6. களிக்குப் பதில் இரண்டு மணிக்கொரு முறை அரை டம்ளர் கூழ், அதில் கெட்டித் தயிரும் வறுத்த நிலக்கடலைப் பொடியும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தும் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் கீமோ தொடங்கிய நோயாளிகளுக்குக் குறைந்த அளவு ஓலன்சபின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. 12 வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது; எடுக்காதவர்களில் 9 சதவீதம்தான். மனநோய்க்குத் தரும் மருந்தாச்சே என்று பயப்பட வேண்டாம். ஆனால் தூக்கம் வரும், நீங்களாக வாங்கவும் கூடாது. புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.

தசை மிஞ்ச நடையும் வேண்டும். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நோய் முற்றிய கட்டத்தில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். இரண்டு வாய் மாம்பழம் கேட்டால் அதைக் கொடுங்கள், போதும்.