பைபிளிலுள்ள சங்கீதங்களில் எதிரிகள் அழியவேண்டும் என்று ஜெபிக்கிறார்களே, கிறிஸ்தவர்கள் அப்படி ஜெபிக்கலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒன்று 109ஆம் சங்கீதம் 9ஆம் வசனம்: "அவன் பிள்ளைகள் தகப்பனற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள்." இன்னொன்று மத்தேயு 5:44, "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்." இரண்டும் எப்படி ஒரே வேதத்தில் இருக்கின்றன, நெருங்கிய சொந்தம் ஒருவர் எனக்குச் செய்த அநியாயத்துக்கு நான் 109ஐ வாசித்து ஜெபிக்கலாமா என்று கேட்கிறார்.

ஜெபிக்கலாம் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் அப்படி ஜெபித்த பிறகு அந்த மனிதரை நீங்களாகத் தண்டிக்கும் உரிமை உங்களிடம் இருக்காது. அதைக் கொடுத்துவிட மனம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஜெபியுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

109ஆம் சங்கீதத்தின் தலைப்பில் தாவீதின் பெயர் இருக்கிறது. தாவீது தன் எதிரியை எப்படி நடத்தினார் என்பதை 1 சாமுவேல் 24இல் பார்க்கலாம். அப்போது ராஜாவாக இருந்த சவுல், தாவீதைக் கொல்ல மூவாயிரம் பேரோடு என்கேதி வனாந்தரத்தில் தேடி வருகிறார். ஒரு குகைக்குள் தனியாக நுழைகிறார். அதே குகையின் உள்பக்கத்தில் தாவீதும் அவர் ஆட்களும் ஒளிந்திருக்கிறார்கள். "இதுதான் கர்த்தர் கொடுத்த நாள்" என்று கூட இருப்பவர்கள் தூண்டுகிறார்கள். தாவீது எழுந்து போய் சவுலுடைய சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு வருகிறார். அதற்கே அவர் மனசு அடித்துக்கொள்கிறது. அப்புறம் வெளியே வந்து சவுலிடம், கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிப்பாராக, உம்முடைய பேரில் நான் கைபோடுவதில்லை என்கிறார்.

அந்த ஒரே பேச்சுக்குள் இரண்டும் இருக்கின்றன. நியாயம் விசாரியும் என்று கடவுளிடம் கேட்கிறார். தன் கையைக் கட்டிக்கொள்கிறார். கத்தி கையில் இருந்தது, எதிரி எட்டும் தூரத்தில் இருந்தார், சாட்சி சொல்ல வெளி ஆள் யாரும் இல்லை. அப்படியும் தாவீது தீர்ப்பைக் கர்த்தரிடம் விட்டார். சாபச் சங்கீதங்கள் என்று நாம் சொல்கிற 35, 58, 69, 83, 109, 137 எல்லாவற்றையும் இந்தக் குகையை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இனி 109க்கு வருவோம். அந்த எதிரி செய்த குற்றம் என்ன? நம்மில் பலர் 8ஆம், 9ஆம் வசனங்களிலேயே நின்றுவிடுகிறோம். காரணம் 16இல்தான் வருகிறது: அவன் தயைசெய்ய நினையாமல், சிறுமையும் எளிமையுமானவனைத் துன்பப்படுத்தி, மனமுறிந்தவனைக் கொலைசெய்யத் தேடினான். ஏழையை வேட்டையாடின ஒருவனைப் பற்றிய வழக்கு இது. இப்போது யாத்திராகமம் 22ஐத் திருப்பிப் பாருங்கள். விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்காதீர்கள். அவர்கள் என்னை நோக்கிக் கூப்பிட்டால் நான் கேட்பேன். உங்கள் மனைவிகள் விதவைகளும் உங்கள் பிள்ளைகள் திக்கற்ற பிள்ளைகளும் ஆவார்கள் என்று கர்த்தரே அங்கே எச்சரித்திருக்கிறார். ஆக, 9ஆம் வசனம் சங்கீதக்காரன் ஆத்திரத்தில் புதிதாகக் கண்டுபிடித்த சாபம் இல்லை. சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு மனுப் போடுகிறவரைப் போல, "நீர் சொன்னதை நீரே செய்யும்" என்கிறார். அந்தச் சங்கீதம் முழுக்கவே நீதிமன்றத் தோரணைதான். 6ஆம் வசனத்தில் குற்றவாளியின் வலதுபக்கத்தில் சாத்தான் குற்றஞ்சாட்டுகிறவனாக நிற்கிறான். கடைசியான 31இல் எளியவனுடைய வலதுபக்கத்தில் கர்த்தர் நிற்கிறார்.

அப்படியானால் அவன் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்காகப் பிதாக்களோ பிதாக்களுக்காகப் பிள்ளைகளோ கொலைசெய்யப்படக்கூடாது என்று உபாகமம் 24:16 சொல்கிறது. எசேக்கியேல் 18 ஒரு அதிகாரம் முழுக்க இதையே பேசுகிறது. காயப்பட்டவர் மனுவில் கேட்டதை எல்லாம் நீதிபதி அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. வலியில் வாய் எல்லை தாண்டிப் போகும். அந்தக் கூடுதலை வெட்டிப்போடத்தான் தீர்ப்பு அவர் கையில் இருக்கிறது. மற்றபடி, 6 முதல் 19 வரை உள்ளது சங்கீதக்காரனைப் பற்றி எதிரிகள் சொன்ன சாபம், அவர் அதை எடுத்துச் சொல்கிறார் என்று சில அறிஞர்கள் விளக்குகிறார்கள். அதுவரை 'அவர்கள்' என்று பன்மையில் போன பேச்சு அங்கே 'அவன்' என்று மாறுவது அதற்கு ஆதாரம். எனக்கு அது அவ்வளவு திருப்தியாக இல்லை. 20ஆம் வசனம் அந்தச் சாபத்தைத் தன் விரோதிகள் பக்கமே திருப்பிவிடுகிறது. 8ஆம் வசனத்தைப் பேதுரு யூதாசுக்குப் பொருத்திப் பேசுகிறார் (அப்போஸ்தலர் 1:20). கடினமான பகுதியைச் சுற்றிக்கொண்டு போக அந்த அறிஞர்களின் விளக்கம் ஒரு வழி, அவ்வளவுதான்.

எங்கள் சபையில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு அம்மா. கொழுந்தன் மகன் 'பவர்' பத்திரம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, இருந்த ஒரே நிலத்தையும் விற்றுவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்த அம்மா எழுந்து 109ஐ வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தையாக விரலை வைத்து, நிதானமாக. 9ஆம் வசனம் வந்ததும் பக்கத்திலிருந்த அக்கா ஒருவர் "போதும்மா, உட்காருங்க" என்று கையைப் பிடித்தார். போதகர், "விடுங்க, அவங்க முடிக்கட்டும்" என்றார். 31 வரை வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதுவரைக்கும் அவர் அவ்வப்போது அந்தப் பையன் வீட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வருவது தெருவுக்கே தெரியும். அதற்கப்புறம் போகவில்லை. மன்னித்துவிட்டாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் வழக்கு இப்போது யாரிடம் இருக்கிறது என்பதில் அவருக்குத் தெளிவு வந்துவிட்டது.

137ஐப் பற்றிப் பேசாமல் விட்டால் பதில் முழுமை பெறாது. "பாபிலோன் ஆறுகள் அருகே" என்று அழகாகத் தொடங்குகிற அந்தப் பாட்டைச் சபைகளில் பாடுவோம், ஆனால் கடைசி வசனத்துக்கு முன்பே நிறுத்திவிடுவோம். பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்று முடிகிறது அது. இதைப் பாடியவர்கள் யார் என்று பாருங்கள். கி.மு. 587 வாக்கில் எருசலேம் பாபிலோனிடம் விழுந்தது. ஒன்றரை வருஷ முற்றுகை. உள்ளே இருந்த பசியைப் புலம்பல் 4:10 சொல்கிறது. தாய்மார் தங்கள் பிள்ளைகளையே சமைத்தார்கள். சிதேக்கியா ராஜாவின் கண் முன்னாலேயே அவர் குமாரரை வெட்டிவிட்டு, அப்புறம் அவர் கண்களைக் குருடாக்கினார்கள். அந்தக் காட்சிதான் அவர் கடைசியாகப் பார்த்தது. ஊர் இடியும்போது அண்டை நாட்டாரான ஏதோமியர் பக்கத்தில் நின்று "அஸ்திபாரமட்டும் இடித்துப்போடுங்கள்" என்று உற்சாகப்படுத்தினார்கள். பிறகு சிறைபிடித்துக்கொண்டு போனவர்களே, "உங்கள் சீயோன் பாட்டில் ஒன்று பாடுங்கள், கேட்போம்" என்கிறார்கள். இவர்கள் கின்னரங்களை அலரிச்செடிகளில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "நீ எங்களுக்குச் செய்தபடி" என்று 8ஆம் வசனம் சொல்வதால், தங்கள் குழந்தைகளுக்கு நேர்ந்ததைத்தான் அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்தீன் இந்த வசனத்துக்கு வேறு அர்த்தம் சொன்னார். குழந்தைகள் என்றால் நம் உள்ளத்தில் அப்போதுதான் முளைக்கிற கெட்ட ஆசைகள், கல் என்றால் கிறிஸ்து, ஆசை வளரும் முன்பே அவர்மேல் மோதி உடைத்துவிடு என்றார். பிரசங்கத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அப்படி விளக்கும்போது எருசலேமின் தாய்மார்கள் அந்தச் சங்கீதத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்த வசனம் பயங்கரமானதுதான். யாரும் எந்தக் காலத்திலும் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அப்படிச் சொல்லிவிடுவார்கள், அதையும் கடவுள் முன்னால் சொல்லலாம் என்பதற்காக அது அங்கே இருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். இதே பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத்தான் எரேமியா கடிதம் எழுதி, அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்றார் (எரேமியா 29:7). இரண்டு ஜெபங்களும் ஒரே ஜனத்தின் வாயில் இருந்தன. கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்தவர் பெர்சியாவின் ராஜா கோரேசு. யூதர்கள் யாரும் கல்லைத் தேடிப் போகவில்லை.

சரி, இயேசு வந்த பிறகு இதெல்லாம் முடிந்துவிட்டதா? சிலுவையில் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று ஜெபித்தவர்தான், லூக்கா 18இல், எனக்கும் என் எதிராளிக்கும் நியாயம் செய்யும் என்று விடாமல் கேட்ட விதவையை ஜெபத்துக்கு மாதிரியாகக் காட்டினார். வெளிப்படுத்தின விசேஷம் 6:10இல் கொலைசெய்யப்பட்ட சாட்சிகள் பலிபீடத்தின் கீழிருந்து "எதுவரைக்கும்?" என்று சத்தமிட்டுக் கேட்கிறார்கள். பரலோகத்தில் யாரும் அவர்கள் வாயை மூடவில்லை. பவுல் 2 தீமோத்தேயு 4இல் எழுதுவதையும் பாருங்கள். கன்னானாகிய அலெக்சந்தர் எனக்கு வெகு தீமை செய்தான், கர்த்தர் அவன் செய்கைக்குத் தக்கதாகப் பதிலளிப்பாராக என்கிறார். இரண்டே வசனம் தள்ளி, விசாரணையில் தன்னைத் தனியே விட்டுவிட்டு ஓடினவர்களைப் பற்றி, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்கிறார். தீமை செய்தவன் வேறு, பயந்து ஓடினவன் வேறு என்று அந்தக் கிழவருக்குச் சிறையிலும் தெரிந்திருக்கிறது.

ரோமர் 12இல் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன் என்று கர்த்தர் சொல்கிறார். ஆகையால் உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடு. கணக்கைத் தீர்க்கும் வேலை என் தலையில் இருக்கிறவரை அவனுக்கு ஒரு வாய் சோறு கொடுக்க என் கை நீளாது. அந்த வேலையைக் கர்த்தர் எடுத்துக்கொண்ட பிறகுதான் நீளும்.

இந்தச் சங்கீதங்களை வாயில் எடுக்கவே கூடாது என்று நினைத்தவர்களும் உண்டு. மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1784இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்குத் தயாரித்த ஆராதனைப் புத்தகத்தில் பல சங்கீதங்களை, கிறிஸ்தவச் சபையின் வாய்க்குத் தகாதவை என்று விட்டுவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 1971இல் திருப்புகழ்மாலை என்ற தன் தினசரி ஜெபப் புத்தகத்தைத் திருத்தியபோது 58, 83, 109 மூன்றையும் முழுதாக எடுத்துவிட்டது. வேறு சில சங்கீதங்களில் சில வசனங்களும் போயின. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனாலும் நிலம் போனவர், பிள்ளை போனவர், பொய் வழக்கில் மாட்டியவர், இவர்களெல்லாம் கடவுளிடம் பேச வேறு எந்த வார்த்தையை எடுத்துக்கொள்வார்கள்?

1937 ஜூலை 1இல் நாஜி அரசு மார்ட்டின் நீமோலர் என்ற போதகரைக் கைது செய்தது. பத்து நாள் கழித்து ஜூலை 11இல், பின்கன்வால்டே என்ற ஊரில் தான் நடத்திய இறையியல் பள்ளியில் ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோபர் 58ஆம் சங்கீதத்தை எடுத்துப் பிரசங்கித்தார். "அவர்கள் வாயிலுள்ள பற்களைத் தகர்த்துப்போடும்" என்று அநியாயமான நியாயாதிபதிகளைப் பற்றி மன்றாடும் சங்கீதம் அது. நாமும் பாவிகள்தான், நம் சொந்தக் கோபத்தில் இதை ஜெபிக்க நமக்குத் தகுதியில்லை, குற்றமற்ற கிறிஸ்துவே நம்மில் இதை ஜெபிக்கிறார். கேட்கப்பட்ட நியாயத்தீர்ப்பும் சிலுவையில் அவர்மேலேயே விழுந்தது என்பது அவர் விளக்கம். பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து சொன்ன விளக்கம் இல்லை. அந்தப் பள்ளியை அதே வருஷம் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ மூடியது. அவரை 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு ஒன்று. "சத்துருவை முறியடிக்கும் சங்கீதம் 35" என்று யூடியூபில் ஓடவிட்டு, மாமியாரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் ஆபீஸில் பதவி உயர்வு வாங்கிவிட்டவரையும் நினைத்துக்கொண்டு ஜெபிக்கிறோமே, அதுதான். சபைத் தேர்தலில் தோற்றவர்கள் ஜெயித்தவர்கள் பேரில் 109ஐ வாசித்ததாகவும் கேள்விப்பட்டிருக்கிறேன். 35இல் 13ஆம் வசனத்தைப் படித்துப் பாருங்கள். இன்று தன்னைக் கடிக்கிற அதே ஆட்கள் வியாதியாய்க் கிடந்தபோது, அவர் இரட்டு என்ற முரட்டுத் துக்க உடையை உடுத்தி அவர்களுக்காக உபவாசம் இருந்திருக்கிறார். நாம் யாருக்கு எதிராக வாசிக்கிறோமோ, அவருக்காக ஒரு வேளையாவது பட்டினி கிடந்து ஜெபித்திருக்கிறோமா? அப்புறம், நாம்தான் பலமுள்ளவர், எதிரே இருப்பவர் எளியவர் என்றால் அந்தச் சங்கீதம் நம்மைப் பற்றியே பேசுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சொந்தக்காரர் ஏமாற்றியிருந்தால் போலீசில் புகார் கொடுங்கள், வக்கீலைப் பாருங்கள். ஜெபிக்கிறவர்கள் அதைச் செய்யக்கூடாது என்று வேதம் சொல்லவில்லை. பவுலே ரோமச் சக்கரவர்த்தியான இராயனுக்கு மேல்முறையீடு செய்தவர்தான். 109ஐ வாசிக்கும்போது அவர் பெயரைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், கதவைப் பூட்டிக்கொண்டு சொல்லுங்கள். 19இல் நிறுத்தாமல் 31 வரை போங்கள். முடிந்தால் அதோடு 139ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் 21, 22 வசனங்களில் உம்மைப் பகைக்கிறவர்களை முழுப்பகையாய்ப் பகைக்கிறேன் என்று சொன்னவர், அடுத்த இரண்டு வசனங்களிலேயே, என்னை ஆராய்ந்து என் இருதயத்தை அறிந்துகொள்ளும், வேதனை உண்டாக்கும் வழி என்னிடத்தில் உண்டோ என்று பாரும் என்கிறார். அந்த இரண்டையும் ஒரே உட்காரலில் சொல்லி முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அன்றைக்கு 23ஆம் வசனத்தை மட்டும் ஜெபியுங்கள்.