கேளுங்க அக்காகிட்ட: மல்லிச்செடி நகர்ந்த இடத்துல ஒரு நாற்காலி

இந்த வாட்டி வந்த கடுதாசியில பாதி செடி, பாதி கிராஸ் ஸ்டிச் (கட்டம் எண்ணி பெருக்கல் குறியா போடுற தையல்). தனித்தனியா பிரிக்கலாம்னு பார்த்தேன், முடியல. காலையில மண்ணு தோண்டுற கைதான் மத்தியானம் ஊசி பிடிக்குது, அதனால எல்லாத்தையும் ஒண்ணாவே போட்டுட்டேன்.

கேள்வி: அக்கா, என் நாத்தனார் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்காங்க. ஆகஸ்ட் கடைசி வந்தா போதும், தோட்டத்துல நாற்காலி போட்டு கிராஸ் ஸ்டிச் போடுற போட்டோவா வாட்ஸ்அப்ல வந்து விழுது, கூடவே "கோடை முடியப்போகுதே"ன்னு ஒரு புலம்பல். எனக்கும் அப்படி ஒக்கார ஆசைதான். வருஷம் பூரா வெயிலடிக்கிற நம்ம ஊர்ல கோடை கடைசின்னு ஒண்ணு எங்க வருது? (வாசகி, செத்தாப்பாக், கோலாலம்பூர்)

பதில்: வருது தங்கச்சி, ஆனா அத பால்கனியிலதான் பார்க்கணும். அவங்களுக்கு ஜூன்ல ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஆகஸ்ட் கடைசியில எட்டு மணிக்கே பொழுது இறங்கிடும், அதான் மிச்சமிருக்கிற வெயில விட மனசில்லாம ஊசியும் துணியுமா வெளிய ஓடுறாங்க. நமக்கு எப்பவும் காலையில ஏழு சுமாருக்கு விடியும், சாயங்காலம் ஏழு ஏழரைக்குள்ள இருட்டும், அதுல பெரிய மாத்தம் இல்ல. மாறுறது சூரியன் நிக்கிற பக்கம். மார்ச் கடைசியில நம்ம தலைக்கு நேரா வந்து வடக்கால போகும், செப்டம்பர் நடுவுல திரும்ப தலைக்கு நேரா வந்து தெக்கால இறங்கிடும். பினாங்குக்காரங்களுக்கு மார்ச்ல வர்றது ஒரு அஞ்சாறு நாள் பின்னாடியும், செப்டம்பர்ல வர்றது அஞ்சாறு நாள் முன்னாடியும் நடக்கும். அன்னிக்கு மத்தியானம் ஒரு மணி தாண்டி கீழ கார் பார்க்ல போய் நின்னு பாருங்க, கம்பத்துக்கு நிழலே இருக்காது, உங்க நிழல் உங்க காலுக்கடியில கெடக்கும்.

அதனால வடக்கு பார்த்த பால்கனி வச்சிருக்கவங்களுக்கு செப்டம்பரோட நேர் வெயில் முடிஞ்சுது, இனி மார்ச் கடைசிலதான். தெக்கு பார்த்தவங்களுக்கு அப்பதான் ஆரம்பம். எனக்கு இது தெரியறதுக்கு ஏழு வருஷம் ஆச்சு. எங்க ஃபிளாட் ஒன்பதாவது மாடி, வடக்கு பார்த்தது, ஒவ்வொரு தீபாவளிக்கும் மல்லிச்செடி மொட்டே விடாம மூஞ்சிய தூக்கி வச்சிக்கும். மாமியார் கண்ணு பட்டுருச்சுன்னு மிளகா சுத்தி போட்டாங்க, நான் உரத்த மேல மேல கொட்டினேன், கடைசியில பார்த்தா பாவம் அதுக்கு வெயில் இல்ல, அவ்வளவுதான் விஷயம்.

இப்ப என்ன பண்றேன்னா செப்டம்பர் கடைசியில தொட்டிய தூக்கி பக்கத்து யூனிட் அக்கா வீட்டு தெக்கு பக்க ஜன்னலுக்கு அனுப்பிடுவேன் (பூவுல பாதி அவங்களுக்கு), தொட்டி இருந்த இடத்துல ஒரு பழைய பிரம்பு நாற்காலிய போட்டுருவேன். கிராஸ் ஸ்டிச்சுக்கு அந்த இடம் மாதிரி வராது. நேர் வெயில் கண்ணுல குத்தாது, துணியில நிழல் ஓடாது, வெள்ளை நூலும் க்ரீம் நூலும் வேற வேறன்னு பளிச்சுன்னு தெரியும். ராத்திரி டியூப்லைட்ல ஒக்காந்து அந்த ரெண்டு நூலையும் மாத்தி போட்டு மறுநாள் பிரிச்சவங்களுக்கு நான் சொல்றது புரியும். புகைமூட்டம் வர்ற வருஷம் மட்டும் கதவ சாத்திக்கிட்டு உள்ளயே ஒக்காருங்க, அந்த சாம்பல் ஐடா துணியோட (கிராஸ் ஸ்டிச்சுக்குன்னே கட்டம் கட்டமா நெய்யுற துணி) ஓட்டையில போய் ஒக்காந்துச்சுன்னா சாமான்யத்துல போகாது.

கேள்வி: எங்க மல்லியும் அப்படித்தான் அக்கா, இலை மட்டும் புதர் மாதிரி, பூ இல்ல. ஆனா எங்க வீடு தரைவீடு, வெயிலுக்கு பஞ்சமே இல்ல. (வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: அப்ப நீங்க ரொம்ப நல்லா சாப்பாடு போடுறீங்கன்னு அர்த்தம். தழைச்சத்து அதிகமா இருக்கிற உரம் போட்டா இலைதான் வரும். உரத்த நிறுத்திட்டு கத்தரிய எடுங்க, மூணுல ஒரு பங்கு வெட்டுங்க, பாவம் பார்க்காதீங்க. மல்லி புதுசா வர்ற கிளையோட நுனியிலதான் பூக்கும், பழைய கம்ப வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? ஒரு ஆறு மணி நேரம் நேர் வெயில், ரெண்டு தண்ணிக்கு நடுவுல மேல்மண்ணு கொஞ்சம் காயணும், அது போதும்.

புதுச்செடி வாங்கணும்னு கேட்ட கோலாலம்பூர்காரங்களுக்கு இங்கயே சொல்லிடுறேன், ஒரு ஞாயித்துக்கெழமை காலையில சுங்கை பூலோ போங்க. 1930ல தொழுநோய்க்காரங்களுக்காக கட்டின குடியிருப்பு அது. குணமானவங்க பல பேர் வெளிய போக வழியில்லாம அங்கயே செடி வளர்த்து வித்து பொழைச்சாங்க, அப்படி வந்ததுதான் அந்த நர்சரி வரிசை. விலை பேசும்போது கொஞ்சம் அதையும் நெனைச்சிக்குங்க.

கேள்வி: அக்கா, 168க்கு 210 கட்டம் இருக்கிற மயில் படம். 14 கவுண்ட் ஐடா, 14க்கு 17 இன்ச் துண்டு வாங்கிட்டேன். பாதி போட்டப்புறம்தான் ஓரம் பத்தாதோன்னு வயித்த கலக்குது. (வாசகி, செந்தூல்)

பதில்: கணக்கு ரொம்ப லேசு, அத முன்னாடியே போட்டிருக்கணும், சரி விடுங்க. 14 கவுண்ட்னா ஒரு இன்ச்சுக்கு 14 கட்டம். 168ஐ 14ஆல வகுத்தா 12 இன்ச், 210ஐ வகுத்தா 15. ஃபிரேம் போட நாலு பக்கமும் மூணு மூணு இன்ச் விடணும், அப்ப 18க்கு 21 துணி வாங்கியிருக்கணும். உங்ககிட்ட பக்கத்துக்கு ஒரு இன்ச்தான் இருக்கு, அதுவும் நடுவுலேர்ந்து ஆரம்பிச்சிருந்தாதான். நடுவுலேர்ந்துதானே ஆரம்பிச்சீங்க? அப்படின்னா பொழைச்சீங்க. பழைய காட்டன் வேட்டிய நாலு இன்ச் அகலத்துக்கு கிழிச்சு, ஓரத்துல கால் இன்ச் மட்டும் பிடிச்சு நாலு பக்கமும் தச்சிருங்க. துணிய இழுத்துப் பிடிக்கிற ஹூப் வளையமும் பிடிக்கும், ஃபிரேம்காரரும் அத பின்னால மடிச்சிக்கலாம். மூலையிலேர்ந்து ஆரம்பிச்சிருந்தா மட்டும் உக்காந்து கட்டத்த எண்ணிப் பாருங்க, ஒரு பக்கம் இடிச்சா பிரிச்சிட்டு 16 கவுண்ட்ல போடுறதுதான் வழி, அதுல பத்தரைக்கு பதிமூணு இன்ச் சொச்சத்துல மயில் அடங்கிரும். கொஞ்ச நேரம் அழுதுட்டு பிரிங்க, எல்லாரும் பிரிச்சிருக்கோம்.

கேள்வி: மெர்டேக்காவுக்காக (சுதந்திர நாள்) கிராஸ் ஸ்டிச்சுல புங்கா ராயா, அதான் செம்பருத்திப் பூ போட்டேன். துவைச்சேன், செகப்பு இறங்கி வெள்ளைத் துணி ரோஸ் ஆயிருச்சு. போச்சா? (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: காய வச்சிட்டீங்களா? அத சொல்லவே இல்லயே. காயலன்னா இப்பவே பச்சைத் தண்ணியில போடுங்க, சுடுதண்ணி கூடவே கூடாது, தண்ணி செகப்பாக செகப்பாக மாத்திக்கிட்டே இருங்க, தெளிவா வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. எனக்கும் இதேதான் நடந்துச்சு. பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) பேர் ஒட்டாத நூல் ஒரு கட்டு மலிவா கெடைச்சுதுன்னு வாங்கி, ஒரு பெரிய செம்பருத்தி, அஞ்சு இதழும் முடிச்சு, நடுவுல அந்த மஞ்ச காம்பு கூட முடிச்சு, துவைச்சப்ப வாளி ரத்தக்களறி. பதினோரு தண்ணி மாத்தினேன், ராத்திரி ஒரு மணி, வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துட்டு ஒண்ணும் கேக்காம திரும்பிப் போயிட்டார். தண்ணி தெளிஞ்சுது, துணி தப்பிச்சிருச்சு. காய வச்சிட்டா அந்தச் சாயம் பிடிச்சிக்கும், அதனால அவசரப்பட்டு வெயில்ல போடவே போடாதீங்க. இப்பல்லாம் செகப்பு நூல் எந்த கம்பெனியா இருந்தாலும் ஒரு முழம் வெட்டி ஈரமான வெள்ளை டிஷ்யூவுல அழுத்திப் பார்த்துட்டுதான் ஊசியில கோக்குறேன்.

கேள்வி: எங்க பக்கத்து வீட்டு ஞோஞ்ஞா பாட்டி (மலாய்ப் பழக்கம் கலந்த பெரனாக்கான் சீனக் குடும்பம்) மணிச் செருப்பு போடுற பழைய கட்டத்தாள் ஒண்ணு குடுத்தாங்க. அத கிராஸ் ஸ்டிச்சுல போட்டா தப்பா? (வாசகி, ஜார்ஜ்டவுன்)

பதில்: தப்பா? அது தாய் வீட்டுக்கு திரும்பிப் போற மாதிரி. ஐரோப்பாவுலேர்ந்து வந்த கம்பளி நூல் கிராஸ் ஸ்டிச் கட்டத்தாளப் பார்த்து ஞோஞ்ஞாங்க மணி கோத்திருக்காங்க, அதனாலதான் சில செருப்புல ரோஜாவும் இங்கிலீஷ் நாய்க்குட்டியும் இருக்கு. ஒரு கட்டத்துக்கு ஒரு மணி, உங்களுக்கு ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். லெபோ கெரேஜால இருக்கிற பினாங்கு பெரனாக்கான் மாளிகையில இந்த வேலைப்பாடெல்லாம் கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க, மூக்க ஒட்டி வச்சு பாருங்க. பாட்டிக்கு முதல்ல ஒண்ணு போட்டு குடுங்க.

கேள்வி: கருவேப்பிலையில பறவை எச்சம் மாதிரி இருக்கு, மறுநாள் பார்த்தா இலையே இல்ல. மருந்து சொல்லுங்க. (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: அது எச்சம் இல்ல ஐயா, புழு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோட குஞ்சு. சின்னதுல எச்சம் மாதிரி வேஷம், பெருசானா இலை மாதிரி பச்சை, தொட்டா தலையிலேர்ந்து ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்ப நீட்டி நாத்தமடிக்கும், பயந்துடாதீங்க. கருவேப்பிலையும் லீமாவும் (எலுமிச்சை) ஒரே குடும்பம், அதான் ரெண்டுலயும் வந்து முட்டை வைக்குது. சாம்பாருல போடுற இலைக்கு மருந்தடிக்காதீங்க, காலையில தண்ணி ஊத்தும்போது இலைக்கு அடியில பார்த்து கையால எடுத்துடுங்க. நான் ஒரு கிளைய மட்டும் அதுங்களுக்குன்னு விட்டுருவேன், எங்க வீட்டுப் பசங்க அது கூடு கட்டுறத பார்க்குறதுக்காக.

கேள்வி: பல வருஷம் முன்னாடி பாதியில விட்ட வேலைய பிஸ்கட் டின்லேர்ந்து எடுத்தேன், பழுப்பு புள்ளியா இருக்கு. (வாசகி, கிள்ளான் லாமா சாலை, கோலாலம்பூர்)

பதில்: ஊசிய அதுலயே குத்தி வச்சிருந்தீங்கல்ல? அது துரு. வெறும் துணியில மட்டும்னா எலுமிச்சையும் உப்பும் தேச்சு கொஞ்ச நேரத்துல நல்லா அலசிடுங்க, நூல் மேல படாம, கலர் போயிரும். மத்த மஞ்சப் புள்ளி நம்ம கை எண்ணெயும் நம்ம ஊரு ஈரமும் சேர்ந்து பண்ற வேலை. இனிமே துவைச்சு காய வச்சிட்டு வெள்ளை காட்டன்ல சுத்தி வைங்க, டின்னும் வேணாம், பிளாஸ்டிக் பையும் வேணாம். மல்லி பறிச்ச கையோட வந்து துணிய தொடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது.

கேள்வி: பென்ஷன் வாங்கினப்புறம் பொண்டாட்டி கூட ஒக்காந்து நானும் கிராஸ் ஸ்டிச் போடுறேன். கோயில் நண்பர்கள் சிரிக்கிறாங்க. (வாசகர், செபெராங் ஜெயா)

பதில்: சிரிக்கட்டும் ஐயா. உங்க தையல்ல மேல விழுற கோடு எல்லாமே ஒரே பக்கம் சாயுதான்னு மட்டும் பாருங்க. சாயலன்னா நானும் சிரிப்பேன்.

கேள்வி: பூந்தொட்டிக்கு அடியில தட்டு வைக்கலாமா, ஏடிஸ் கொசு பயமா இருக்கு. (வாசகி, கெப்போங்)

பதில்: வைக்காதீங்க. வச்சே ஆகணும்னா மணல் கொட்டி ரொப்பிடுங்க. வெறும் தண்ணிய கொட்டினா போதாது, முட்டை தட்டோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காஞ்சு கெடந்தாலும் சாகாது, அடுத்த மழைக்கு பொரிச்சிரும். வாரத்துக்கு ஒரு தடவ பிரஷ்ஷால தேய்ங்க. பழைய டூத்பிரஷ் இருந்தா போதும்.