சீலியாக் உள்ள குழந்தைக்கு மரவள்ளிச் சிப்ஸ் தரலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. போன மாதம் சீலியாக் நோய் உறுதியானது. கோதுமை, மைதா, ரவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். பள்ளி விட்டு வந்ததும் நொறுக்குத் தீனி கேட்டு அழுகிறாள். தெருமுனைக் கடையில் சுடச்சுடப் போடும் மரவள்ளிச் சிப்ஸ் வாங்கித் தரலாமா?

பதில்: கிழங்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். சீலியாக் உள்ளவர்களின் குடலுக்கு ஆகாத குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை போன்ற தானியங்களில் இருக்கும் புரதம். மரவள்ளியில் அது கிடையாது. என் தயக்கமெல்லாம் அந்தக் கடையின் எண்ணெய்ச் சட்டி மேல்தான்.

காலையில் அதே எண்ணெயில் சமோசாவோ மைதா பிஸ்கட்டோ பொரித்திருந்தால் உதிர்ந்த மாவு அதிலேயே கிடக்கும். எண்ணெய் கொதிப்பதால் குளூட்டன் அழிந்துவிடாது. சீலியாக் உள்ளவர்களுக்குத் துணுக்கு அளவே போதும், குடலைப் புண்ணாக்க. வயிறு வலிக்கவில்லை என்பதால் ஒத்துக்கொண்டது என்றும் முடிவு செய்ய முடியாது. கடைக்காரரிடம் "கோதுமை கலந்திருக்கா?" என்று கேட்டால், "கலப்படமே கிடையாதுங்க" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை, அவர் புரிந்துகொண்ட கேள்வி வேறு. "இந்தச் சட்டியில் வேற என்னல்லாம் போடுவீங்க?" என்று கேளுங்கள். அப்புறம், மேலே தூவும் மசாலா. கட்டிப் பெருங்காயமோ தூளோ, கடையில் கிடைக்கும் பலவற்றில் மைதா சேர்த்திருப்பார்கள். அரிசி மாவு சேர்த்ததும் உண்டு. டப்பாவைத் திருப்பிப் படித்தால் தெரியும்.

பாக்கெட் சிப்ஸ் வாங்கினால் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டதாகப் பாருங்கள். இந்திய விதிப்படி அப்படிப் போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 'மரவள்ளி' என்ற பெயர் மட்டும் போதாது.

வீட்டில் போடுவதே நல்லது. புதுக் கிழங்காக வாங்குங்கள். வெட்டினால் உள்ளே கருநீலக் கோடு ஓடியிருந்தால் அது பழசு. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கென்றே பயிரிடும் கிழங்கும் உண்டு, அது வேண்டாம். சமையல் கிழங்கா என்று கேட்டு வாங்குங்கள். மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் இருக்கிறது, தோலில் அதிகம். வெளித்தோலோடு அடியில் இருக்கும் தடித்த தோலையும் உரித்துவிடுங்கள். மெல்லிசாகச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, துணியில் ஈரம் போக உலர்த்திப் பொரியுங்கள். பொரிப்பதால் மட்டும் அந்தச் சயனைடு பொருள் முழுக்கப் போகாது, அதனால் ஊறவைப்பதைத் தவிர்க்காதீர்கள். கசக்கும் கிழங்கை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். எண்ணெய் புதிதாக இருக்கட்டும். பூரி சுட்ட எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். உப்பு, வீட்டில் அரைத்த மிளகாய்த் தூள் போதும்.

அடையோ முறுக்கோ செய்யும்போது இதே சிக்கல் மாவு மில்லில் வரும். கோதுமை அரைத்த கையோடு அதே இயந்திரத்தில் உங்கள் அரிசியைக் கொட்டுவார்கள். வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்வது பாதுகாப்பு.

தினமும் சிப்ஸ் வேண்டாம், வாரம் ஓரிரு நாள், ஒரு கைப்பிடி. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் புரதம் ஒன்றரை கிராம்கூட வராது, மீதி பெரும்பாலும் மாவுச்சத்துதான்; பொரித்தால் எண்ணெயும் சேர்ந்துகொள்கிறது. குடல் ஆறிவரும் இந்த நேரத்தில் அவளுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் வேண்டும். மற்ற நாட்களில் சுண்டல், வேர்க்கடலை உருண்டை, அவித்த முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சுண்டலுக்குத் தாளிக்கும் பெருங்காயமும் மைதா இல்லாததாக இருக்கட்டும்.