ட்ரோலைக் கண்டு யாரும் பயப்படவில்லையா?
நீங்கள் கதைசொல்லியாக நடத்தும் விளையாட்டில் ட்ரோல் என்கிற அரக்கன் வந்ததுமே உங்கள் ஆட்டக்காரர்கள் தீப்பந்தத்தைத் தேடுகிறார்கள், பயமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு அவர்கள்மேல் இல்லை. தீயோ அமிலமோ பட்டால் மட்டும் ட்ரோலின் காயம் தானாக ஆறாது என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற கதை விளையாட்டை ஆடியவர்களுக்கு மனப்பாடம். ஸ்காண்டிநேவிய நாட்டார் கதைகளுக்குப் போங்கள். அங்கே ட்ரோல் வெயில் பட்டால் கல்லாகிவிடும். தேவாலய மணியோசை அதற்கு ஆகவே ஆகாது.

இதை நீங்கள் சொல்லாதீர்கள். ஊர்க் கிழவி சொல்லட்டும், அதுவும் அரைகுறையாக: "மணி அடித்தவரை அது மலையை விட்டு இறங்கியதில்லை." அன்று மாலை அவர்கள் கோபுரத்தில் ஏறினால் அறுந்த கயிறு மட்டும் தொங்க வேண்டும். பாதையோரம் மூக்கும் முழங்காலும் தெரிகிற ஒரு பாறை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இந்த ட்ரோலுக்குத் தீக்காயமும் ஆறிவிடுகிறது என்பதை முதல் தாக்குதலிலேயே காட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஏமாற்றியதாக நினைப்பார்கள்.