கட்டடக் கலைஞர் பொதுக்கலையும் செய்வது என்றால் என்ன?

வீடு, பாடசாலை வரைபவரே கடற்கரை, சந்தி, பூங்கா போன்ற எல்லோரும் புழங்கும் இடத்துக்குச் சிற்பமோ நினைவுச்சின்னமோ வடிவமைப்பதுதான் இது. வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்த மாயா லின், அப்போட்டியில் வென்றபோது கட்டடக்கலை மாணவி.

இரண்டும் ஒருவரிடம் சேரக் காரணம் எடை, காற்று, அத்திவாரம்: கட்டடத்தைப் போலவே சிற்பத்துக்கும் இவற்றைக் கணக்கிட வேண்டும். கோயில் தேரைப் பாருங்கள்: கண் சிற்பத்தில் நிற்கும், ஓட்டுவது அச்சும் சக்கரமும்.

திருகோணமலை டச்பே கடற்கரையில் ஒரு சிற்பம் வைப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எதிரி உப்புக்காற்று. கொங்கிறீற்றின் உள்ளே இருக்கும் கம்பியை வெளிப்புறம் 50 மில்லிமீற்றர் அளவு தடிப்பில் கொங்கிறீற்று மூடியிருக்க வேண்டும். குறைந்தால் உப்பு உள்ளே போய், கம்பி துருவேறிப் பருத்து, கொங்கிறீற்றைப் பிளக்கும். துருப்பிடிக்காத உருக்கு (stainless steel) என்றால், 304 என்ற தரத்தில் பழுப்புக் கறை படியும். மொலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 தரத்தை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் சாதாரண இரும்பு ஆணியால் அதைப் பூட்டினால் அந்தச் செலவும் வீண், ஆணிதான் முதலில் அரிக்கும். கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. வரைபடம் முடிந்த பிறகு இதைத் தேடுவோர்தான் அதிகம் இழுபடுவார்கள்.

இலங்கையில் கட்டடக் கலைஞராவதற்கான ஒரு படிப்பு வழி: உயர்தரம், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் உளச்சார்புப் பரீட்சை, பட்டம், பின் தொழில்முறைப் பயிற்சி.

பொதுக்கலை என்பது கட்டி முடித்தபின் ஒட்டும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பொதுக்கலைக்கு வேண்டிய அத்திவாரம், வடிகால், மின்கம்பி எல்லாம் முதலாவது வரைபடத்திலேயே இடம் பெற வேண்டும்.